‘விடுங்கோ’ என்று கத்திய நாள்

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு யூன் மாத ஞாயிற்றுக்கிழமை. கனடாவில், ஸ்காபரோவில் ஒரு கல்லூரியின் பார்க்கிங் லொட். கார்கள் இல்லாத வார இறுதிகளில் அங்கே மோட்டார் சைக்கிள் ஓட்டப் பழக்குவார்கள். நான் பழகப் போகவில்லை, பழக்கப் போயிருந்தேன்! பயிற்றுநர் சான்றிதழுக்கான கடைசிச் சோதனை. உண்மையான மாணவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டும். பரிசோதகர் பார்த்துப் புள்ளி போடுவார்.

யாழ்ப்பாணத்தில் அண்ணாவின் மோட்டார் சைக்கிளைக் களவாக எடுத்து ஓட்டியவள் நான். பயிற்றுநர் வேலைக்குப் படிக்கிறேன் என்று தெரிந்ததும் எங்கள் டோர்செட் பார்க் கட்டடத்து லிஃப்டில் ஒரு அன்ரி, “என்ன பிள்ளை, சேர்க்கஸிலயோ சேரப் போறீர்?” என்று கேட்டார். கேட்கட்டும். எனக்கு அன்று கால் தரையில் நிற்கவில்லை.

என் வரிசையில் ஆறு பேர். அதில் ஒருவர் நம்மவர், நாற்பத்தைந்து வயதிருக்கும். ஆங்கிலம் கொஞ்சம்தான் வரும். “தங்கச்சி, நீர் தமிழோ? அப்பாடா, தப்பினன்!” என்றார். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. அவருக்கு எல்லாவற்றையும் தமிழிலேயே விளக்கினேன். இடக்கையில் கிளச். அதைப் பிடித்தால் வண்டி இழுக்காது, மெதுவாக விட்டால் நகரும், சட்டென்று விட்டால் பாயும். வலக்கையில் அக்சிலேட்டர், முறுக்கினால் வேகம்.

அண்ணை கிளச்சைப் பாதி விட்டு அழகாக நகர்ந்தார். பிறகு பயத்தில் வலக்கை அக்சிலேட்டரை முறுக்கிவிட்டது. என்ஜின் அலறியது. நான் பக்கத்தில் ஓடிக்கொண்டே, “விடுங்கோ அண்ணை, விடுங்கோ!” என்று கத்தினேன்.

விட்டார், இடக்கையை! வண்டி ஒரே பாய்ச்சல். வழி குறிக்க வைத்திருந்த கூம்புகள் சிதற, பரிசோதகர் துள்ளி விலக, ஓரத்துப் புல்லில் போய்ச் சரிந்தது. நல்ல காலம், முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான். அண்ணை புல்லில் இருந்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தார். “நீர்தானே தங்கச்சி விடச் சொன்னனீர்?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் சொன்னது அக்சிலேட்டரை. ஆனால் அரை மணி நேரமாக ‘விடுங்கோ, விடுங்கோ’ என்று நான் படிப்பித்தது கிளச்சை!

பரிசோதகருக்கு இது எதுவும் தெரியாது. இவர் சொல்வதைக் கேட்கவில்லை, பதறுகிறார், வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றார். உன் பிழை இல்லை என்று எனக்கு ஆறுதல் வேறு. அங்கே தமிழ் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவருக்கு விளக்கிச் சொல்ல ஆங்கிலம் போதாது. மற்றவள் வாயைத் திறந்தால் சான்றிதழ் போய்விடும். உண்மையைச் சொல்கிறேன், சில விநாடிகள் பேசாமல்தான் நின்றேன். அண்ணை ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு “சொறி சேர், சொறி” என்று கெஞ்சத் தொடங்கினார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பிழை என்னுடையது என்று நடந்ததையெல்லாம் கொட்டிவிட்டேன்.

பரிசோதகர், “அப்படியானால் என்ன சொல்லியிருக்க வேண்டும்?” என்று கேட்டார்.

“பிடி” என்றேன். கிளச்சைப் பிடித்தால் என்ஜின் எவ்வளவு அலறினாலும் வண்டி பாயாது.

“போய் அதைச் செய்து காட்டு” என்றார்.

“அண்ணை, நான் இனி விடு எண்டு சொல்லவே மாட்டன். பிடி எண்டால் மட்டும் இடக்கையை இறுக்கிப் பிடியுங்கோ.”

“ஓம், பிடிக்கிறன்.”

மறுபடி வண்டியில் நகர்ந்தார். மறுபடி என்ஜின் அலறியது. “பிடி!” வண்டி சொன்னபடி கேட்டு வேகம் குறைந்து நின்றது! பின்னேரம் அண்ணை வண்டியில் எட்டுப் போட்டே காட்டினார். “தங்கச்சி, பாரும், பாரும்!” என்று அவர் கத்த, நானும் சின்னப்பிள்ளை மாதிரி கைதட்டித் துள்ளினேன்.

எல்லாம் முடிந்து கடைசியாக என்னைக் கூப்பிட்ட பரிசோதகர், சான்றிதழை நீட்டி, நாக்குக்கு வராத தமிழில் “பிடி!” என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

இன்றைக்கும் யாராவது நான் சொன்னதற்கு நேர்மாறாகச் செய்தால், கோபப்பட வாய் திறக்கும் முன், நான் என்ன சொன்னேன் என்பதைத்தான் முதலில் நினைத்துப் பார்க்கிறேன். பாதி நேரம் பிழை அங்கேதான் இருக்கிறது.