வாய்வு வம்சம்

நெம்மேலிக் குப்பத்தில் முனிசாமி என்று கேட்டால் யோசிப்பார்கள். சோடா முனிசாமி என்றால் சின்னப் பிள்ளைகூட வழி காட்டும். கரைவலை இழுக்கிற கூட்டத்தில் முதல் கயிறு அவருடையது. வலை கரையேறியதும் நெஞ்சைத் தடவிக்கொண்டே பெட்டிக்கடைக்குப் போவார். ஒரு இஞ்சி சோடா, ஒரு பெரிய ஏப்பம். "வாய்வு" என்பார். அத்தோடு உலகம் சரியாகிவிடும்.

மீன் ஏலக்கூடத்தில் இருதயப் பரிசோதனை முகாம் போட்டபோது மனுஷன் பின்பக்கமாக நழுவப் பார்த்தார். மனைவி தமிழரசி சட்டையைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வைத்தாள். அவருக்கு உள்ளூர உதறல். இருதயம் சரியில்லை என்று ஒரு வார்த்தை வந்தால் போதும், தமிழரசி கயிற்றைத் தொட விடமாட்டாள். அதனால் எதைக் கேட்டாலும் இல்லை என்று சாதிப்பதாக முடிவு செய்திருந்தார்.

"நெஞ்சு வலி வருமாண்ணா?" என்று நர்ஸ் ஷீலா ஆரம்பித்தாள்.

"எனுக்கா? வராதும்மா."

"படி ஏறினா மூச்சு வாங்குதா?"

"எங்க வூட்ல படியே கெடயாது."

"அப்பா இருக்காரா?"

"இல்ல. வல இழுத்துகினு இருக்கசொல்ல வாய்வு அடிச்சிடுச்சி."

"தாத்தா?"

"அவுரும் வாய்வுதான். எங்க அண்ணாத்தயும் கல்யாணத்துல பிரியாணி துன்னுகினு இருந்தாரு, எயுந்திரிக்கல. வாய்வு."

ஷீலாவின் பேனா நின்றது. "வீட்ல எல்லாருமே வாய்வுலயா போனாங்க?"

"எங்குளுது வாய்வு வம்சம்மா" என்றார் முனிசாமி, கொஞ்சம் பெருமையாகவே. "ஹார்ட்டு சமாச்சாரம் ஒர்த்தருக்கும் கெடயாது."

"உங்களுக்கு வாய்வு எப்படி வரும்?"

இருதயக் கண்டத்தைத் தாண்டிவிட்ட நிம்மதியில் மனுஷன் மடை திறந்தார். நெஞ்சில் கல்லை வைத்தது போல அழுத்தும், இடது கை மரத்துப்போகும், தாடை வரைக்கும் இழுக்கும், வேர்த்துக் கொட்டும். "ஒரு சோடா உட்டா ஓடிடும்" என்று முடித்தபோது ஷீலா எழுந்து ஆம்புலன்சுக்குப் போன் செய்துகொண்டிருந்தாள்.

செங்கல்பட்டில் ரத்தக்குழாய் அடைப்பை எடுத்துவிட்டார்கள். கண் விழித்த முனிசாமி டாக்டரிடம் கேட்டது ஒன்றுதான். "அப்போ எங்க நைனாவுக்கு வந்ததும் இதானா? அண்ணாத்தக்கும்?"

டாக்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். முனிசாமி சுவர்ப்பக்கம் திரும்பி வாய்விட்டு அழுதார். "அந்தப் பிரியாணிய ஆக்கனவன எத்தினி வருசமா திட்டிகினு கீறன்" என்றார்.

அடுத்த முகாமில் ஷீலா நெஞ்சு வலி என்ற பேச்சையே எடுக்கவில்லை. "வாய்வு புடிக்கிறவங்கல்லாம் இந்தப் பக்கம் வாங்க" என்று மட்டும் சொன்னாள். வரிசை படகு கட்டுகிற இடம் வரைக்கும் போயிற்று.

தமிழரசியின் தம்பி ராஜாராம் மட்டும் வரிசையில் இல்லை. இப்போது முதல் கயிறு அவன் கையில். பெட்டிக்கடை நிழலில் நெஞ்சைத் தடவியபடி நின்றவனை முனிசாமி தேடிப் பிடித்தார். அந்தக் கயிற்றை இழந்த வயிற்றெரிச்சல் அவருக்கு இன்னும் ஆறியபாடில்லை. ஆனாலும் அவன் கையிலிருந்த சோடாவைப் பிடுங்கி மணலில் கவிழ்த்தார்.

"இன்னா மாமா இது?" என்றான் ராஜாராம்.

"வாய்வுடா மச்சான். முகாமுக்கு உள்ள போ. கயிற நான் பாத்துக்கினு கீறன், இழுக்க மாட்டன்."