ஞானசெல்வி சொன்ன காரணம்

திருவொற்றியூரில் ஒரு ரப்பர் தொழிற்சாலையில் யசோதராவுக்குத் தரக் கட்டுப்பாட்டு வேலை. வியாசர்பாடி குடியிருப்பிலிருந்து இரண்டு பேருந்து மாறி வருவாள். பாலிடெக்னிக் முடித்து இருபத்தோரு வயதில் சேர்ந்தவளுக்கு இப்போது முப்பத்தொன்பது. கார் இன்ஜினில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையங்கள்தான் அங்கே தயாராகின்றன.

வளையங்களில் ஆயிரத்துக்கு நாற்பது தேறாது. உள்ளே காற்றுக் குமிழ் விழுந்திருக்கும். அவற்றைப் பொறுக்கி எடுப்பதற்கென்றே ஷெட்டின் கடைசியில் ஒரு நீள மேசை கிடந்தது. அதைச் சுற்றி ஒன்பது பெண்கள், எல்லோரும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். அவர்களில் மூத்தவள் ஞானசெல்வி, கொருக்குப்பேட்டைக்காரி. பதினோரு வருடமாக அந்த மேசையில்தான் இருந்தாள். மற்றவர்கள் விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதை அவள் கட்டைவிரலால் அழுத்தியே கண்டுபிடித்துவிடுவாள்.

மூன்று வருடத்துக்கு முன்பு நிர்வாகம் புதிய தர முறை ஒன்றைக் கொண்டுவந்தது. வெளிநாட்டு ஆர்டர் வேண்டுமென்றால் ஆயிரத்துக்கு ஒன்றுக்கும் கீழேதான் குறை இருக்க வேண்டும். தொழிலாளர்கள் சிறு சிறு குழுவாகச் சேர்ந்து, ஒரு குறையை எடுத்துக்கொண்டு, அது ஏன் வருகிறது என்று கேட்டுக் கேட்டு அடியில் உள்ள காரணத்தைப் பிடிக்க வேண்டும். தர வட்டம் என்று அதற்குப் பெயர். குமிழ் பிரச்சினை யசோதராவின் குழுவுக்கு வந்தது. அவளுக்கு அந்த முறையில் முழு நம்பிக்கை இருந்தது. கோபப்படாமல், யாரையும் குறை சொல்லாமல், காரணத்தை மட்டும் தேடும் வேலை அவளுக்குப் பிடித்திருந்தது.

நான்கு மாதம் தேடினார்கள். சூட்டைக் கூட்டிப் பார்த்தார்கள், அச்சை மாற்றிப் பார்த்தார்கள். குமிழ் குறையவில்லை. ஐப்பசி மழை பிடித்த ஒரு நாள், டீ நேரத்தில் ஞானசெல்வி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“மயை பெஞ்ச மக்யா நாளுதாம்மா கொமுளு ஜாஸ்தியா வருது. வெயில் காலத்துல எங்களுக்கு இவ்ளோ வேல கெடையாது. பதினோரு வருசமா பாத்துகினுதான் கீறேன்.”

யசோதரா பழைய பதிவேடுகளை எடுத்து, மழை பெய்த மறுநாட்களோடு குமிழ்க் கணக்கை ஒப்பிட்டுப் பார்த்தாள். அப்படியே பொருந்தியது. ரப்பர் தகடுகளை வாசல் ஷட்டர் ஓரமாக அடுக்கிவைத்திருந்தார்கள். கடல் காற்றும் மழைச் சாரலும் நேராக அவற்றில்தான் அடித்தன. ஈரம் குடித்த ரப்பர் அச்சில் வேகும்போது குமிழ் விட்டது. தகடுகளை மூடிய அறைக்கு மாற்றி, ஈரத்தை உறிஞ்சும் மெஷின் ஒன்றை வைத்தார்கள். மூன்று வாரத்தில் ஒரு நாள் முழுக்க ஒரே ஒரு குறை வளையம்கூட வரவில்லை.

அன்றுதான் யசோதராவுக்கு அந்த மேசையின் நினைவு வந்தது. பொறுக்க எதுவும் இல்லையென்றால் ஒன்பது பேர் எதற்கு? ஆலை மேலாளர் ஸ்டானிஸ்லாஸிடம் போய்க் கேட்டாள். ராயபுரத்துக்காரர், தன்மையானவர். எல்லோரையும் பேக்கிங்குக்கு மாற்றிவிடலாம் என்றார். “நான் இருக்கேன் இல்ல, நீ போய் வேலயப் பாரு” என்றார். மனதில் இருந்ததைத்தான் சொன்னார். யசோதரா அதை அப்படியே ஞானசெல்வியிடம் போய்ச் சொன்னாள்.

தர வட்டங்களுக்கென்று நடக்கும் போட்டிக்கு அனுப்ப வேண்டிய படிவத்தில் குழுவினர் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே பணியாளர் எண் கேட்டிருந்தார்கள். ஒப்பந்தக்காரர்களுக்கு அப்படி எண் கிடையாது. ஞானசெல்வியின் பெயரைக் கீழே தனியாக எழுதலாமா என்று யசோதரா ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு விட்டுவிட்டாள். அன்று அது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை.

அவர்கள் குழுவே ஜெயித்தது. கிண்டியில் ஒரு ஹோட்டலில் பரிசு கொடுத்தார்கள். டெல்லியிலிருந்து வந்த ஓர் அதிகாரி, ஒவ்வொரு தொழிற்சாலையிலும் கழிவு குறையக் குறைய நாட்டின் ஏற்றுமதி கூடும், இந்த நாட்டை உயர்த்துவது உங்களைப் போன்றவர்கள்தான் என்று பேசினார். யசோதராவுக்குக் கண் கலங்கியது. அவர் பேசியதில் பொய் இல்லை. ஜெர்மனியிலிருந்து ஆர்டர் வந்தது. புது ஷெட் எழும்பி, அறுபது பேருக்கு வேலை கிடைத்தது.

ஆனால் அதற்குள் ஸ்டானிஸ்லாஸை ஒரகடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அடுத்த மாதம் அந்த ஒன்பது பேரின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. பேக்கிங்குக்கு மெஷின் வந்துவிட்டது. யசோதரா மனிதவளப் பிரிவுக்கு ஓடினாள். அங்கே இருந்த வினிதா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

“சார் சொன்னது எழுத்துல எங்கயாவது இருக்கா மேடம்?”

எழுதி வைக்காத எதுவும் நடக்காத மாதிரிதான் என்று புதிதாகச் சேர்பவர்களுக்கெல்லாம் பாடம் எடுப்பவள் யசோதரா. அவளிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. புது ஷெட்டிலாவது போடுங்கள் என்று கேட்டாள். அதற்கு முப்பது வயதுக்குள் இருக்க வேண்டுமாம். ஸ்டானிஸ்லாஸுக்குப் போன் செய்தாள். அவர் வருத்தப்பட்டார், பேசிப் பார்க்கிறேன் என்றார். பேசியும் இருக்கலாம்.

சனிக்கிழமை சாயங்காலம் ஒன்பது பேரும் கேட்டில் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். யசோதரா வெளியே வரவில்லை. பரிசோதனை அறையில், ஏற்கெனவே அளந்து முடித்த வளையங்களையே மறுபடி எடுத்து அளந்துகொண்டிருந்தாள். எவ்வளவோ பேசியவளுக்கு அன்று அவர்கள் எதிரில் போய் நிற்கத் தைரியம் வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை விசாரித்துக்கொண்டு கொருக்குப்பேட்டைக்குப் போனாள். ரயில்வே கேட்டைத் தாண்டி, சரக்கு யார்டை ஒட்டிய சந்தில் வீடு. ஞானசெல்வி தண்டையார்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவப் போய்க்கொண்டிருந்தாள். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து டீ போட்டுக் கொடுத்தாள். கோபமாக எதுவும் பேசவில்லை. யசோதராதான் தட்டுத்தடுமாறிப் பேச்சை எடுத்தாள்.

“நீங்க அத எங்கிட்ட சொல்லாமலே இருந்திருக்கலாங்க்கா.”

“நா சொல்லலன்னா வேற யார்னா கண்டுபுட்ச்சிருப்பாங்க. வேல போனதுகூட பர்வால்லம்மா” என்றாள் ஞானசெல்வி. “பேப்பர்ல உங்க போட்டோ வந்துச்சே, எம்பொண்ணு பாத்துட்டு, நீ இன்னாம்மா பண்ண அங்கன்னு கேட்டா. பொறுக்கிகினு இருந்தேன்னு சொன்னேன். வேற இன்னா சொல்ல?”



மறுநாளே தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினாள். காரணத்தை முதலில் சொன்னது ஞானசெல்வி என்ற ஒப்பந்தத் தொழிலாளி, அவர் பெயரையும் அறிக்கையில் சேர்க்க வேண்டும் என்று கேட்டிருந்தாள். முடித்துவைத்த அறிக்கையைத் திருத்த இயலாது என்று பதில் வந்தது. கூடவே நல்ல யோசனை என்று பாராட்டி, இனிமேல் ஒப்பந்தத் தொழிலாளர்களும் பெயர் எழுதலாம் என்று படிவத்தை மாற்றினார்கள். அப்போது அந்த ஷெட்டில் ஒப்பந்தத்தில் ஒருவர்கூட இல்லை.

அந்தப் பதிலைக் காட்டலாம் என்று மறுபடி கொருக்குப்பேட்டைக்குப் போனாள். வீட்டில் வேறு குடித்தனம் இருந்தது. ஞானசெல்வி மகளைக் கூட்டிக்கொண்டு மீஞ்சூர் பக்கம் போய்விட்டாள் என்று பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள். முகவரி தெரியாது, போன் நம்பரும் மாறிவிட்டதாம். ஏதாவது சொல்ல வேண்டுமா என்று அந்தப் பெண் கேட்டாள். யசோதரா ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, ரயில்வே கேட் திறப்பதற்காகச் சைக்கிள்காரர்களோடு ஒருத்தியாகக் காத்து நின்றாள்.