நடுவில் நின்ற கொம்பன்

ரொறன்ரோவின் கென்னடி தெருவால் தெற்கே நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை. சப்பாத்தில் ஆல்பேர்ட்டாவின் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. பஸ்கள் என்னைக் கடந்து போயின. ஏறவில்லை. அந்த நேரத்தில் என்னால் ஓரிடத்தில் உட்கார்ந்திருக்க முடியாது. ஐப்பசிக் காற்றில் காது விறைத்தது.

நான் விட்டு வந்தது அஜின்கோர்ட்டில் இருந்த ஓர் இறைச்சிக் கடை. அதன் பின்பக்கம், குளிர் அறைக்கும் கக்கூசுக்கும் நடுவில், ஒரு சின்ன அறை இருந்தது. கனடாவுக்கு வந்த நாள் தொடக்கம் ஒரு பனிக்காலத்தை ஒரே கூரைக்குக் கீழே நான் கழித்ததில்லை. கோடையில் புகையிலைத் தோட்டம், பிறகு தக்காளி, பிறகு யாராவது சொல்லும் ஊர். பனி கொட்டத் தொடங்கினால் யாருடையதாவது வீட்டுத் தரை. இந்த முறை கட்டிலும் ஹீற்றரும் உள்ள அறை கிடைக்கப் போகிறது என்று மனதைத் தயார் பண்ணி வைத்திருந்தேன். அது ஒரு சொல்லில் போயிற்று.

கடை முதலாளி மதுரைப் பக்கத்து ஆள். என் வயதளவு காலம் கனடாவில் இருந்தவர். யூனியன்வில்லில் பெரிய வீடு. வேட்டைப் பைத்தியம். பேஸ்மென்ட் சுவரில் பாடம் செய்த மான் தலைகள் தொங்கும். அதில் ஒன்றை மட்டும் உடுப்புத் தோய்க்கும் மெஷினுக்குப் பின்னால் கொழுவி வைத்திருந்தார். அது மேற்கே ஆல்பேர்ட்டாப் புல்வெளிகளில் ஓடும் மான். கொம்பின் நடுவிலிருந்து முன்பக்கமாக ஒரு கவை நீட்டிக்கொண்டிருக்கும். முந்தைய பயணத்தில் சுட்டது. கொம்பு கட்டையாகப் போனதில் அவருக்கு வெட்கம்.

“போன தடவை வழிகாட்ட வந்த வெள்ளைக்காரன் காதுல வந்து இங்கிலீஷ்ல ஏதோ யார்டு கணக்கு சொன்னான்” என்றார். “நான் அதை யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள பெரிய மான் மாகாணத்தையே தாண்டிருச்சு. நீ வா தம்பி. நீ தமிழ்ல சொல்லு, நான் சுடுறேன்.”

பேச்சு இதுதான். நான் கூடப் போய், தூரக்கண்ணாடியால் பார்த்து, நல்ல கொம்பனைக் காட்ட வேண்டும். காட்டினால் பனிக்காலம் முழுக்க அந்த அறை எனக்கு.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனால் கொம்பை மதிக்கும் கணக்கைப் படித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கடை ஏப்ரன்களைத் தோய்க்க அவருடைய வீட்டுக்குப் போவேன். மெஷின் சுழலும் வரைக்கும் அந்தத் தலையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். காதுதான் அளவுகோல். அந்த மானின் காது ஏறத்தாழ ஆறு அங்குலம். நிமிர்ந்த காதை மனதால் எடுத்து, கொம்பின் மேல் ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடுக்கிப் பார்க்க வேண்டும். இரண்டு காது வந்தால் சாதாரணம். இரண்டரை வந்தால் மூச்சைப் பிடிக்கலாம். கவை காது நுனிக்கு மேலே கிளம்ப வேண்டும். கீழே கிளம்பினால் அவனை விட்டுவிடலாம். பக்கவாட்டில் பார்க்கும்போது கொம்பின் அடி கண்ணைவிட அகலமாக இருக்க வேண்டும். நுனி உட்பக்கம் வளைந்திருந்தால் வளைவையும் கூட்ட வேண்டும். அதைத்தான் எல்லோரும் கூட்ட மறப்பார்கள் என்று முதலாளி சொல்வார். அவரே மறந்துதான் தோய்க்கும் மெஷினுக்குப் பின்னால் ஒன்று தொங்கியது.

ஆல்பேர்ட்டாவில் ஒரு பண்ணைக்காரரின் நிலத்தில் தங்கினோம். முதல் நாட்கள் எரிச்சலிலேயே போயின. சுவரில் தொங்கும் மான் அசையாது. புல்வெளி மான் நின்று காட்டாது. நாங்கள் அதைக் காணும் முன்பே அது எங்களைக் கண்டுவிடும். மத்தியானமானால் தரையிலிருந்து வெக்கை எழும்பி எல்லாக் கொம்பும் நீரில் நிற்பதுபோல நெளியும். மெலிந்த, நெட்டையான இளங்கொம்பு முன்பக்கமிருந்து பெரிதாகத் தெரியும், திரும்பினால் ஒன்றுமில்லை. மூன்று தடவை வேண்டாம் என்றேன். ஒவ்வொரு தடவையும் முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு துவக்கை இறக்கினார். நீ மான் பாக்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா என்று இரவுச் சாப்பாட்டில் கேட்டார்.

கடைசி நாள் காலை ஒரு மேட்டின் பின்னால் குப்புறக் கிடந்தோம். அவருக்கு ஓர் அடி பின்னால் நான். முன்னால் மூன்று கொம்பன்கள். ஒன்று கிட்ட, புல்லை மேய்ந்தபடி. ஒன்று நடுவில், முள்ளுக்கம்பி வேலியோடு. ஒன்று தூரத்தில் உப்புத்தரைக்கு அப்பால். கையைத் தூக்கக் கூடாது, தலையை ஆட்டக் கூடாது, வாயால் மட்டும் சொல் என்று அவர் முன்பே கட்டளை போட்டிருந்தார். சின்ன அசைவு போதும், ஓடிவிடும்.

நடுவில் நின்றவன் பக்கவாட்டில் திரும்பினான். காதை எடுத்து அடுக்கினேன். இரண்டரைக்கு மேல். கவை காதுக்கு எவ்வளவோ உயரத்தில். நுனி இரண்டும் கொக்கி மாதிரி உள்ளே மடிந்திருந்தன.

“உவன்தான்” என்று மெல்லச் சொன்னேன். “உவனைச் சுடுங்கோ.”

வெடித்தது. கிட்ட மேய்ந்துகொண்டிருந்தவன் விழுந்தான். நடுவில் நின்றவன் வேலிக்குக் கீழால் நுழைந்தான். அவனும் தூரத்தில் நின்றவனும் தூசியாகி, இல்லாமல் போனார்கள்.

போய்ப் பார்த்தோம். ஒன்றேமுக்கால் காது. ஒருவருக்கு ஒரு மான்தான் அனுமதி, அதுவும் பல வருடம் விண்ணப்பித்துக் காத்திருந்து கிடைப்பது. முதலாளி அளவு நாடாவைச் சுருட்டவில்லை. கையில் தொங்கவிட்டபடி என்னைப் பார்த்தார்.

“நீதானேடா சுடச் சொன்னே?”

“நான் உவனை எல்லோ சொன்னனான்.”

“இவனைத்தானே சுட்டிருக்கேன்?”

“இவனில்லை. உவன்.”

“அதென்னடா உவன்?”

சொன்னேன். கிட்ட நிற்பவன் இவன், தூரத்தில் நிற்பவன் அவன், இரண்டுக்கும் நடுவில் நிற்பவன் உவன். யாழ்ப்பாணத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்தது. அவர் மான் கிடந்த பக்கமாகத் துப்பினார்.

“எங்க ஊர்ல இவன் இருக்கான், அவன் இருக்கான். உவன்னு ஒருத்தன் பொறக்கவே இல்ல.”

தமிழில் சொல்வதற்கென்று என்னை அவ்வளவு தூரம் கூட்டிப் போனவர் அவர். தமிழில்தான் சொன்னேன். இதில் நான் எங்கே பிழை விட்டேன் என்று ரொறன்ரோ வந்து சேரும் வரைக்கும் வண்டியின் கண்ணாடியைப் பார்த்து யோசித்தேன். அந்த நடுக் கொம்பன் பதினாறு அங்குலம் என்று இன்றைக்கும் சொல்வேன். அளந்து காட்டத்தான் ஆளில்லை. அவன் ஓடிவிட்டான்.

கடைக்குத் திரும்பியதும் முதலாளிக்குக் கதை சொல்ல ஆள் கிடைத்தது. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் சொன்னார். சொல்லச் சொல்லக் கதை மாறியது. ஓடிப்போன மானின் கொம்பு வளர்ந்துகொண்டே போனது. நான் கிட்ட நின்றதை விரலால் காட்டியதாகவும் ஆயிற்று. என் பெயர் உவன் ஆனது. உவனே, ஈரலை எடு. உவனே, கத்தியைத் தீட்டு. நான் மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்தேன், தீட்டினேன். அறைக்குத்தான் காத்திருந்தேன். அந்த அறையில் வெற்றுப் பெட்டிகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. அதுவரை நான் அவற்றுக்கு நடுவில் கால் மடக்கிப் படுத்தேன்.

நாலாம் நாள் மத்தியானம் கேட்டுவிட்டேன். பெட்டிகளை எப்போது எடுக்கலாம் என்று.

“மானைக் காட்டினா ரூம்னுதானே பேச்சு?” என்றார், கத்தியை நிறுத்தாமல். “எந்த மானைக் காட்டினே? இவனையா, அவனையா? உவன் வந்து கேட்டா உவனுக்குத் தர்றேன்.”

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஆட்டுக்கால் வாங்க வந்திருந்த ஓர் அன்ரியும் சிரித்தார். அவர் எங்கள் ஊர்க்காரர். அவருக்கு அந்தச் சொல் தெரியும். வீட்டில் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லுகிறவர். தெரிந்துகொண்டே சிரித்தார். முதலாளிமேல் வந்த கோபத்தைவிட அந்தச் சிரிப்பு மேல்தான் எனக்குக் கோபம். ஏப்ரனைக் கழற்றித் தராசின் மேல் போட்டேன். முள் கொஞ்சம் ஆடியது. பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். ஒருவரும் மறிக்கவில்லை.

கென்னடி ஸ்ரேஷனில் சப்வே எடுத்து, பொழுதுபடும் நேரம் சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக் குடியிருப்புக்குப் போனேன். அங்கே யாழ்ப்பாணத் தீவுப்பக்கத்துச் சிநேகிதன் ஒருவன் இன்னும் நாலு பேரோடு ஓர் அறை வீட்டில் இருந்தான். வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தவன் கதை முழுவதையும் சப்பாத்து நாடா கட்டியபடி கேட்டான்.

“ஆட்டிறைச்சிக் கடைக்காரனுக்கு ஆடு போதாதெண்டே மானுக்குப் போனவன்?” என்றான். பிறகு, “நீ நடுவில நிக்கிறதைச் சுடுங்கோ எண்டு சொல்லியிருக்கலாமே?”

சொல்லியிருக்கலாம். மான் முன்னால் நிற்கும்போது யார் அகராதி பார்ப்பார்கள்? அவனோடும் எரிந்து விழுந்தேன். அவன் பொருட்படுத்தவில்லை. சோறு பானையில் கிடக்குது, படுக்கிறதெண்டால் குசினிப் பக்கம்தான் இடம், மற்றவங்கள் வந்தால் காலை மிதிப்பாங்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். மிதித்தார்கள்.

விடிந்ததும் அதே கட்டடத்தின் கீழ்த்தளத்துக்கு இறங்கினேன். குப்பை அள்ளுகிற ஆள் நின்றுவிட்டதாகச் சிநேகிதன் சொல்லியிருந்தான். கட்டடத்தைப் பராமரிக்கும் சுப்பரின்டன்ட் ஒரு பிலிப்பைன்ஸ்காரர். என் கைகளைப் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை. வேலையோடு இருக்க இடம் கிடைக்குமா என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன். இடம் இல்லை, வேலை மட்டும், வேண்டுமென்றால் இப்போதே தொடங்கலாம் என்றார். பனி பெய்ய இன்னும் சில கிழமைதான் இருந்தது. ஓம் என்றேன். பையைக் கொதிகலன் அறையில் ஓர் ஆணியில் கொழுவினேன். அவர் கையுறையும் நீளமான ஒரு தடியும் தந்தார். மேல்மாடிகளிலிருந்து குப்பை விழும் குழாய் எங்கேயோ அடைத்திருந்தது. தடியைக் கீழிருந்து விட்டுக் குத்தினேன். மீன் செதிலும் பால் பெட்டியும் என் தோளில் கொட்டின. மேலே யாரோ கதவைத் திறந்து அடுத்த பையைப் போட்டார்கள்.