கேட்டில் கட்டிய வேப்பிலை

ஃபிஜியில் நான் இருந்த ஊரின் பெயர் பா. ஒற்றை எழுத்து. போனில் என் அப்பா, "மிச்ச எழுத்தையும் சொல்லுடா, விலாசம் எழுதணும்" என்பார். மிச்சம் கிடையாது. ஒரு பெரிய சர்க்கரை ஆலை, ஒரு பஸ் நிலையம், வரிசையாக இந்தியர் கடைகள், சுற்றிலும் கரும்பு. அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக ஒப்பந்தத்தில் போயிருந்தேன். எனக்கு முன்பு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர், ராணுவம் ஆட்சியைப் பிடித்த மறுவருஷமே குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போய்விட்டார். அவருக்கும் முன்பிருந்தவர் அதற்கு முந்தைய கவிழ்ப்பில் போனவராம். ஆட்சி கவிழாமலே இருந்திருந்தால் எனக்கு இந்த வேலை ஏது என்று ஆசிரியர் அறையில் ஒருமுறை சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

வாடகைக்கு எடுத்திருந்தது கரும்புக்காட்டை ஒட்டிய தகரக்கூரை வீடு. கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் வீட்டுக்காரர்கள் இருந்தார்கள். கணவன் மனைவி இரண்டே பேர், ஐம்பதைத் தாண்டியவர்கள். பிள்ளைகள் இருவரும் ஆக்லாந்தில். கணவருக்குத் தமிழ் அடியோடு போய் இந்திதான். மனைவிக்கு மட்டும் இருந்தது. கரும்பு வெட்ட மதராஸிலிருந்து கப்பலேறிய முப்பாட்டன் கொண்டுவந்த வட ஆற்காட்டுப் பேச்சு, நடுநடுவே இந்தியும் இங்கிலீஷும். அவரை அக்கா என்று கூப்பிட்டேன். அவர் 'குந்து தம்பி' என்றால் நான் 'உட்காருங்கள் என்று சொல்லணும் அக்கா' என்று திருத்துவேன். அக்காவும் சரி சரி என்று தலையாட்டிவிட்டு மறுநாளும் குந்தச் சொல்வார். தமிழ்நாட்டிலிருந்து நேரே வந்தவன் என்ற கொழுப்பு எனக்கு அப்போது நிறையவே இருந்தது.

அந்த வருஷ அறுவடையோடு அவர்களுடைய நிலத்துக்குக் குத்தகை முடிகிறது. நிலச் சொந்தக்காரர்கள் புதுப்பிக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். பிள்ளைகள் நியூசிலாந்துக்குக் கூப்பிட்டு விண்ணப்பம் போட்டிருந்தார்கள். அக்காவுக்குப் பேச்சு அந்த ஒரு இடத்தில்தான் போய் நிற்கும். "எல்லாம் ஆச்சி தம்பி. எக்ஸ்ரே ஒண்ணுதான் பாக்கி. நெஞ்சு கிளீனா இருந்தா பிளேன் ஏற வேண்டியதுதான். பேத்திய நான் இன்னும் தொட்டுக்கூடப் பாக்கல."

அப்போதுதான் பன்றிக் காய்ச்சல் வந்தது. பள்ளிக்கூடத்தை மூடினார்கள். ரேடியோவில் நாள் முழுக்க அறிவிப்பு: கை குலுக்காதீர்கள், கூட்டம் சேராதீர்கள், எல்லோரும் ஒரே சிரட்டையில் யங்கோனா வேர்ச்சாறு குடிக்காதீர்கள். முதல் இரண்டையும் ஊர் கேட்டது. மூன்றாவதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இருமிக்கொண்டே சிரட்டையை அடுத்தவரிடம் நீட்டினார்கள். நான் வீட்டில் உட்கார்ந்து பழைய பரீட்சைத் தாள்களைத் திருத்தினேன். காய்ச்சலைவிட சலிப்புதான் அதிகம் வாட்டியது.

அக்காவின் கணவர் விசா காகிதங்களில் ஏதோ முத்திரை வாங்கத் தலைநகர் சுவாவுக்குப் போயிருந்தார். அதிகாரிக்கும் காய்ச்சல் என்று சொல்லி அங்கேயே தங்க வைத்துவிட்டார்கள். இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்த ஒரே செல்போன் அவரோடு போயிருந்தது. வீட்டு போன் அந்த வருஷ ஆரம்பத்தில் வந்த வெள்ளத்தில் போனது போனதுதான்.

ஒரு காலையில் அக்கா வீட்டு கேட்டில் வேப்பிலைக் கொத்து கட்டியிருந்தது. பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது, அல்லது புரிந்துவிட்டதாக நினைத்தேன். அம்மை வார்த்திருக்கிறது. எங்கள் தெருவில் வாசலில் வேப்பிலை செருகினால் வேறு அர்த்தமே கிடையாது. வெளியாள் உள்ளே போகக்கூடாது, மருந்து கூடாது, டாக்டர் கூடவே கூடாது. இளநீர், மோர், மூன்றாம் தண்ணீர் ஊற்றும் வரைக்கும் பொறுமை. எனக்குச் சின்ன வயதில் அம்மை போட்டதில்லை. பயம் இருந்தது. அந்தப் பயத்தைப் பக்தி மாதிரி காட்டிக்கொள்ள வசதியாகவும் இருந்தது. இரண்டு இளநீரைச் சீவி அக்காவின் கேட்டருகே வைத்துவிட்டு, வேலிக்கு இந்தப் பக்கமே நின்று, "அக்கா, பயப்படாதீங்க, தாயா வந்தவ தானா இறங்கிடுவா" என்று கத்தினேன். ஜன்னலில் அக்கா தெரிந்தார். குரல் எழவில்லை. கையை மட்டும் ஆட்டினார். கிட்டே வராதே என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

மத்தியானம் கேரியர் வந்தது. பின்பக்கம் பெஞ்சு போட்டு ஆளும் மூட்டையும் ஏற்றும் லாரியைத்தான் அங்கே கேரியர் என்பார்கள். ஓட்டுநர் காய்வீத்தி, அதாவது ஃபிஜியின் பூர்வகுடி. அந்தக் கரும்புத் தோட்டங்களுக்கு நடுவிலேயே வளர்ந்தவர், இந்தி எங்கள் பிரின்சிபாலைவிட நன்றாகப் பேசுவார். கேட்டருகே வண்டியை நிறுத்தி, "மாஸ்டர், அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா? ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போகட்டுமா?" என்று இந்தியில் கேட்டார். நான் வேலியருகே போய் அவருக்குப் பாடம் எடுத்தேன். இது சாமி விஷயம், இதற்கு ஆஸ்பத்திரி ஆகாது, எங்கள் நாட்டில் இப்படித்தான் என்றேன். அவர் வேப்பிலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் இந்தியாவிலிருந்து வந்தவன், அதுவும் வாத்தியார். தலையைச் சொறிந்துகொண்டே வண்டியைக் கிளப்பினார்.

மறுநாள் இளநீர் வைத்தேன், அதற்கும் மறுநாள் மோர் வைத்தேன். முதல் நாள் இளநீர் மட்டும் உள்ளே போயிருந்தது. மோர் வைத்த இடத்திலேயே புளித்தது. தூங்குகிறார் என்று நினைத்தேன்.

நான்காம் நாள் கேரியர்காரர் என்னைக் கேட்கவில்லை. வண்டியை நிறுத்தினார், கேட்டைத் திறந்தார், உள்ளே போனார். திரும்பி வரும்போது போர்வையோடு அக்காவைக் கைகளில் தூக்கிக்கொண்டு வந்தார். அக்கா முகத்தில் ஒரு கொப்புளம்கூட இல்லை. உதடு நீலமாக இருந்தது. மூச்சு இழுக்கும் சத்தம் என் வாசல்வரை கேட்டது.

காய்ச்சல் நிமோனியாவாகி நெஞ்சில் இறங்கியிருந்தது. பிழைத்துவிட்டார். பார்வையாளரை விட ஆரம்பித்த அன்று முகமூடி கட்டிக்கொண்டு போய்க் கட்டிலருகே நின்றேன். கணவர் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"ஏன் தம்பி, வேப்பில கட்டிக்கீறேனே, நீ பாத்துகினுதானே இருந்தே?"

"அம்மைன்னு நெனச்சுட்டேன் அக்கா."

"அம்மையா!" சிரிக்கப் பார்த்து இருமினார். இருமல் அடங்க நேரமாயிற்று. "எங்க செட்டில்மென்ட்டுல கேட்டுல வேப்பில கண்டா, ஆளு பிமாரு, ஒடம்பு முடியல, வண்டி கூப்புடுன்னு அர்த்தம். எங்கப்பா சின்னப் பையனா இருக்கச்சொல்லோ போனு ஏது, ஒண்ணு ஏது? ரோட்டுல போறவன் நின்னு கேப்பான். டிரைவருக்குக்கூடத் தெரியுமே. நீ இண்டியாக்காரன், உனுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கையை வீசினார். "வுடு. எக்ஸ்ரேல ஒண்ணும் வராம இருந்தா போதும்."

எக்ஸ்ரேயில் வந்தது. வலது நுரையீரலின் அடியில் ஒரு நிழல். காசநோயாகக்கூட இருக்கலாம், ஆறு மாதம் கழித்துத் திரும்ப எடுங்கள் என்றார்கள். ஆறு மாதம் கழித்தும் நிழல் அங்கேயே இருந்தது; இன்னும் ஒரு வருஷம் என்றார்கள். அதற்குள் அறுவடை முடிந்து குத்தகையும் முடிந்தது. வீட்டைப் பிரித்துத் தகரத்தையும் மரத்தையும் லாரியில் ஏற்றி, ட்ரெகேட்டியில் நெல் பயிரிடும் தங்கை வீட்டுக்கு இருவரும் போனார்கள். நான் டவுனில் வேறு வீடு பார்த்துக்கொண்டேன். அக்கா போகும்போது ஒரு சொல் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். முதல் நாளே வண்டியில் ஏற்றியிருந்தால் நிழல் விழுந்திருக்குமா என்று ஒரு டாக்டரிடமும் நான் கேட்டதில்லை. கேட்கத் தைரியம் இல்லை.

ஒப்பந்தம் முடிந்ததும் எல்லோரையும் போல நானும் நியூசிலாந்துக்கு மனுப் போட்டேன். வாத்தியார்களுக்கு அங்கே கிராக்கி இருந்தது. சுவாவில் மருத்துவப் பரிசோதனை. அன்றைக்கும் அக்கா ட்ரெகேட்டியில் அடுத்த எக்ஸ்ரேக்காகக் காத்திருந்தார். என்னுடைய எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர், சுத்தமாக இருக்கிறது என்று பாராட்டும் குரலில் சொன்னார். பிறகு படிவத்தை எடுத்து ஒவ்வொரு கேள்வியாக வாசித்தார். நுரையீரல் நோய் உள்ள யாருடனாவது நெருங்கியிருந்ததுண்டா என்று ஒரு கேள்வி.

"இல்லை" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அந்த நாலு நாளும் நான் நெருங்கவே இல்லை.