ஆவாரம்பூவைக் கிள்ளியது யார்

செம்மண்டலத்தில் வீடு கட்டி முடித்ததும் வாசலில் ரோஜா வைக்கச் சொன்னார் என் கணவர். நான் ஆவாரை வைத்தேன். காடாம்புலியூர் முந்திரித் தோப்பின் வேலியோரம் பறித்த காய்களை உடைத்து, விதைகளை வெந்நீரில் ஊறவைத்து முளைக்கவிட்டேன். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும் என்பதால் மண்ணில் மணல் கலந்து மேடு கட்டினேன்.

"ரோட்டோரம் சும்மா கெடக்குற செடிக்கு இவ்ளோ உபசாரமா?" என்று சிரித்தார்.

செடி இடுப்புயரம் வளர்ந்து கொத்துக்கொத்தாகப் பூத்தது. பிறகு பூ குறையத் தொடங்கியது. காலையில் கோலம் போடும்போது விரிந்திருந்த கொத்து, கணவர் சிதம்பரத்துக்கு வேலைக்குக் கிளம்பிப் போனபின் பார்த்தால் மொட்டையாக நிற்கும். புழுவாக இருந்தால் இலையில் கடித்த தடம் தெரியும். இலைகள் முழுசாக இருந்தன. காம்புகளில்தான் நகம் பட்டிருந்தது.

பக்கத்து வீட்டுப் பெண்மீது எனக்குச் சந்தேகம். அவள் மாடியில் மஞ்சளாக ஏதோ காய்ந்தது. எங்கள் மாடியில் ஏறி எட்டிப் பார்த்தேன், கடலைப்பருப்பு. அடியில் பூவைப் பரப்பி மேலே பருப்பைக் கொட்டியிருக்கலாம் என்றுகூடத் தோன்றியது. கேட்டேவிட்டேன்.

"எனக்கு எதுக்குக்கா ஆவாரம்பூ? சுகர் எனக்கா இருக்கு?" என்றாள். "உங்க வீட்டுக்காரரக் கேளுங்க. டெய்லி சட்டப்பாக்கெட் நெறைய பறிச்சினு போறாரு. நீங்கதான் குடுத்து அனுப்புறீங்கன்னு நெனச்சேன்."

அன்று மாலை அவர் குளிக்கப் போனதும் பையைத் துழாவினேன். மதியச் சாப்பாட்டோடு நான் மடித்துத் தந்த சர்க்கரை மாத்திரைகள் அடியில் அப்படியே கிடந்தன. குளித்து வந்தவரிடம் எடுத்துக் காட்டினேன்.

"ஆபீஸ்ல எல்லாரும் பூவப் போட்டுத்தான் டீ குடிக்கிறாங்க. கெமிக்கல் இல்ல பாரு," என்றார்.

"அவுங்கள்லாம் மாத்திரைய நிறுத்திட்டாங்களா?"

மறுநாளே அவரை மஞ்சக்குப்பத்துக்கு ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். சர்க்கரை நன்றாக ஏறியிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் கண்ணையோ சிறுநீரகத்தையோ பாதித்திருக்கும் என்று டாக்டர் கடிந்துகொண்டார். மாத்திரையைக் காலை வேளைக்கு மாற்றி எழுதினார்.

இப்போது என் எதிரில்தான் விழுங்குகிறார்.

"நாக்கத் தூக்குங்க."

"ஜெயில்ல கூட இவ்ளோ செக்கிங் கெடயாதும்மா."

தூக்கிக் காட்டுகிறார். கன்னத்தின் உள்பக்கத்தையும் பார்த்த பிறகுதான் சாப்பாட்டுப் பையைக் கையில் கொடுக்கிறேன்.