தும்மல் அண்ணனின் பதினேழாம் வரிசை

எங்கள் கோதுமை ஆராய்ச்சிப் பண்ணையில் அந்த வயல் உதவியாளரைத் தும்மல் அண்ணன் என்றுதான் சொல்வோம். கோதுமை பூத்தால் போதும், கண்ணும் மூக்கும் சிவந்து, பண்ணையே அதிரத் தும்முவார். "வேற வேலை பாக்கக் கூடாதாண்ணே?" என்று கேட்டால், "இந்த மூக்குக்கு எவன் வேற வேலை குடுப்பான்?" என்பார்.

ஆனால் அந்த மூக்கைச் சும்மா சொல்லக் கூடாது. வீரிய ஒட்டு விதைக்காக, மகரந்தமே இல்லாத பெண் வரிசைக்குப் பக்கத்தில் ஆண் வரிசை நடுவோம். ஆண் வரிசை தாராளமாக மகரந்தம் உதிர்த்தால்தான் அது காற்றில் போய்ப் பெண் கதிரில் மணி பிடிக்கும். எந்த வரிசை தாராளம் என்று அவர் தும்மலே சொல்லிவிடும். பதினேழாம் ஆண் வரிசை, அவர் ஆறு வருஷமாகப் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்தது. இந்தப் பருவத்தில் தேறாவிட்டால் அதைத் தூக்கி எறிந்துவிடுவார்கள்.

தேறுமா என்று பார்ப்பது என் வேலை. பூ திறக்கும் காலை ஏழு மணிக்கு, பசை தடவிய கண்ணாடித் துண்டை வரிசையருகே வைத்து, ஒட்டிய மகரந்தத்தை நுண்ணோக்கியில் எண்ண வேண்டும். பதினேழின் முறை வந்த அன்று நான் தூங்கித் தொலைத்தேன். ஒன்பதரைக்கு வைத்துவிட்டு ஏழு என்று எழுதினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அதற்குள் மகரந்தம் உதிர்ந்து முடிந்திருந்தது; ஒட்டியிருந்தது ஒன்றுமில்லாத மாதிரிதான்.

எந்த வரிசையை வைப்பது, எதைக் கழிப்பது என்று முடிவு செய்யும் கூட்டத்தில் அவர் எழுந்து, "ஐயா, அன்னிக்குக் காலையில அங்க நின்னு நாப்பது தும்மல் தும்மினேன்" என்றார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாவி, நானும் சேர்ந்து சிரித்தேன். மறுநாள் அந்த வரிசையை அவரே பிடுங்கினார்.

தள்ளுபடியான அந்த வரிசைக்குப் பக்கத்துப் பெண் கதிர்களை அறுவடையில் யாரும் சீந்தவில்லை. மனசு கேட்காமல் நான் உதிர்த்துப் பார்த்தேன். கதிருக்கு முப்பது மணிக்குக் குறையவில்லை. வேறெங்கும் அதில் பாதிகூட இல்லை. அவரிடம் ஓடினேன்.

"அண்ணே, அன்னிக்கு நான் லேட்டா வந்து..."

"தெரியும்மா. ஏழு மணிக்கு நான் அங்கதானே நின்னேன்."

"அப்புறம் ஏண்ணே சொல்லல?"

"சொன்னா உன் சீட்டு கிழிஞ்சிருக்கும். எனக்கு ஒரு வரிசைதானே போச்சு."

குளிர் அறையில் அதன் மிச்ச விதை ஒரு பொட்டலம் இருந்தது. நான் மேலதிகாரியிடம் வாயைத் திறந்திருந்தால் அது பிழைத்திருக்கும். எனக்கு வேலை நிரந்தரமாக இரண்டே வாரம் இருந்தது. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். கழித்த விதைகளோடு அந்தப் பொட்டலத்தையும் வெளியே கொட்டிய அன்று, பட்டியலில் கையெழுத்துப் போட்டதும் நான்தான்.