சிவப்பு மேல

வெள்ளறடையில் என் வீட்டுக்கு அடுத்த வீடு ரெத்தினதாஸுடையது. இருபத்தாறு வருஷமாக ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் மரச்சீனிக் கிழங்கு பிடுங்கி வெறுமையாய்க் கிடக்கிற விளையில் ரிமோட் ஹெலிகாப்டர் பறக்கவிடுவார். அந்த இரைச்சலுக்காக நான் எத்தனையோ தடவை சண்டைக்குப் போயிருக்கிறேன். மனுஷன் சிரித்தே என் வாயை அடைத்துவிடுவார்.

போன சித்திரையில் அவருடைய வலது கை நடுங்க ஆரம்பித்தது. கத்தி பட்டையைத் தாண்டி உள்தடியில் இறங்கி நாலு மரம் புண்ணாகிவிட்டது. "கை நேரானப்பொறவு வந்தா மதி, அதுவர வரண்டாம்" என்று தோட்டத்து முதலாளி நிறுத்திவிட்டார். இந்த நடுக்கம் இனி போகாது என்று நரம்பு டாக்டர் சொன்னதையும் ரெத்தினதாஸ் நம்பவில்லை.

"ஹெலிகாப்டர அசையாம நிறுத்துற கையாக்கும் இது. ஞாயிறு வந்து பாரும் ஓய். திங்கள் நான் வெட்டுக்குப் போறேன்" என்றார் என்னிடம்.

அதைப் பார்க்கத்தான் போனேன். ஹெலிகாப்டரின் மேலே சுழலும் இரண்டு இறக்கைகளும் ஒரே சரிவில் இருக்க வேண்டும். ஒன்றின் சரிவு கூடினாலும் குறைந்தாலும் அது தனிக் கோடாக மேலேயோ கீழேயோ சுழலும், வண்டி உதறும். அதனால் ஒன்றின் நுனியில் சிவப்பு டேப், மற்றதில் மஞ்சள் டேப் ஒட்டியிருந்தார். அவர் மனைவி லேகா தள்ளிக் குத்தவைத்து உட்கார்ந்து, சுழலும்போது நுனிகள் ஒரே கோடாகத் தெரிகிறதா என்று பார்த்துச் சொல்வாள். பத்து வருஷமாக அது அவள் வேலை.

ஹெலிகாப்டர் ஆள் உயரத்துக்கு எழும்பி, நிற்க மாட்டாமல் இடமும் வலமுமாகத் தத்தளித்தது.

"லேகா, ஒண்ணா, ரெண்டா?"

ஒரே கோடு. பக்கத்தில் நின்ற எனக்கே தெரிந்தது. லேகா அவர் கையைப் பார்த்தாள். ரிமோட்டின் குச்சியில் பெருவிரல் துடித்துக்கொண்டிருந்தது.

"ரெண்டாக்கும். சிவப்பு மேல" என்றாள்.

 

அவர் முகம் தெளிந்துவிட்டது. "கண்டீரா? கையில்ல, இறக்கையாக்கும்!" வண்டியை இறக்கி, சிவப்பு இறக்கையைப் பிடித்திருக்கும் சின்னக் கம்பியைச் சரிவு குறைய ஒரு சுற்றுத் திருகினார். மறுபடி சுழன்றதும் வண்டி முழுவதும் கடகடவென்று உதறியது. பதறிப்போய் நிறுத்தினார். பிறகு சரிவு அளக்கும் கருவியை இரண்டு இறக்கையிலும் மாட்டிப் பார்த்தார். சிவப்பு ஒரு டிகிரி குறைவு. அவர் திருகிக் குறைத்த அளவும் அதுதான்.

"முதல்ல ஒரே கோடாத்தானே கறங்கிச்சு?" என்றார் லேகாவிடம்.

லேகா அழுதுவிட்டாள். "ஆமா. சொல்ல மனசு வரல்ல எனக்கு."

கத்தப்போகிறார் என்று நினைத்தேன். கத்தவில்லை. கம்பியைக் கழற்றி, திருகியதைத் திருப்பித் திருகினார். திரும்ப மாட்டப்போனால் கம்பி விரலில் நிற்காமல் மூன்று தடவை மண்ணில் விழுந்தது. லேகா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் மாட்ட முடிந்தது.

"முதலாளிக்கிட்ட நீ போய்ச் சொல்லு, இனி நான் வரமாட்டேன்னு" என்றார் அவளிடம். "நான் சொன்னா அழுதுருவேன்."